கேமிங்குக்கு டிவி: மலிவும் சரி, விலை கூடியதும் சரி, நடுவில் இருப்பதுதான் வம்பு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேம் கன்சோல் ஒன்றுக்கு டிவி வாங்கப் போகிறீர்கள் என்றால், முப்பதாயிரத்துக்குள் கிடைக்கும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி ஒன்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்குங்கள். அது வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து, காசு சேர்த்து, உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல் (திரை) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், நாற்பதாயிரத்தில் ஆரம்பித்து ஐம்பத்தைந்து வரைக்கும், பெட்டியின் மேல் ‘கேமிங்’ என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கிறது பாருங்கள், அதைத்தான் தொட வேண்டாம் என்கிறேன்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருப்பூரில் என் சித்தி பையன் ஒருத்தன் இருக்கிறான், தீபாவளி போனஸில் பிஎஸ்5 வாங்கினான், அதிலிருந்து வாட்ஸ்அப்பில் டிவி லிங்க்காக அனுப்பிக்கொண்டே இருந்தான். “அண்ணா, இதுல 120 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, எச்டிஎம்ஐ 2.1-னும் போட்டிருக்கு, 55 இன்ச், நாப்பத்தெட்டாயிரம்தான். அப்புறம் எதுக்கு லட்ச ரூபா டிவி?” நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் அவனும் படிக்க மாட்டான், எனக்கும் விரல் வலிக்கும். அதனால் இங்கே.

முதலில் இந்த 60, 120 கணக்கு. 60 ஹெர்ட்ஸ் பேனல் நொடிக்கு 60 தடவை படத்தை மாற்றும், அதாவது ஒவ்வொரு படமும் 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும். 120 என்றால் 8.3. ஆட்டம் 60 பிரேமில், அதாவது நொடிக்கு 60 படமாக, ஓடினால் 60 ஹெர்ட்ஸ் டிவி அதை ஒன்று விடாமல் காட்டிவிடும், அதில் ஒரு குறையும் கிடையாது. எஃப்சி கால்பந்து ஆட்டங்கள் கன்சோலில் 60-ல்தான் ஓடுகின்றன, எல்டன் ரிங் 60-க்கு மேல் போகவே போகாது, பிஎஸ்4 காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் 30 இல்லையென்றால் 60. 120 பிரேமைத் தொடுகிறவை ஃபோர்ட்நைட், வாலரண்ட், கால் ஆஃப் டியூட்டி மாதிரி ஆன்லைனில் சுட்டுத் தள்ளும் ஆட்டங்களும் வேறு சிலவும்தான். நீங்கள் ஆடுவது என்ன என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால், பாதிப் பேருக்கு 120 பிரேமே தேவைப்படாது.

அப்படியானால் 120 ஹெர்ட்ஸ் டிவி எதற்கு? ராத்திரி தனியாக உட்கார்ந்து கதை ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது. அது 120 பிரேம் இல்லை, 40 பிரேம். கேட்க வேடிக்கையாக இருக்கும். 30 பிரேமில் ஒரு படம் 33.3 மில்லி செகண்ட் நிற்கிறது, 60-ல் 16.7. இரண்டுக்கும் சரி பாதி 25 மில்லி செகண்ட், அதாவது நொடிக்கு 40 பிரேம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 45 அல்லவா நடு என்று தோன்றும், ஆனால் கையும் கண்ணும் உணர்வது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓடும் நேரத்தைத்தான். இந்த 40 பிரேமில் ஒவ்வொன்றையும் 120 ஹெர்ட்ஸ் திரை சரியாக மூன்று தடவை காட்டும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒன்றரை தடவை காட்ட வேண்டும், அது நடக்காது, படம் திக்கித் திக்கி வரும். 2021-ல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் ஆட்டத்தில் இந்த வழி வந்தது, அப்புறம் ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட், ஸ்பைடர்மேன் 2 என்று பலவற்றிலும் வந்துவிட்டது. படத்தின் அழகை விட்டுக்கொடுக்காமல், 30-ல் வரும் இழுவையும் இல்லாமல் ஆடலாம். என்னைக் கேட்டால் 120 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுக்க இது ஒன்றே போதும், ஆனால் எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள், 40 என்ற எண்ணைப் போட்டு யார் டிவி விற்பார்கள்?

இன்னொன்று விஆர்ஆர். ஆட்டம் எப்போது ஒரு பிரேமைத் தயார் செய்து கொடுக்கிறதோ அப்போது டிவி அதைக் காட்டும், தன் தாளத்துக்கு அதை இழுக்காது. பிஎஸ்5-க்கு இந்த வசதி 2022 ஏப்ரலில்தான் வந்தது, 48-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். எல்டன் ரிங் பிஎஸ்5-ல் 60-ஐத் தொட்டும் தொடாமலும் அலைபாய்கிற ஆட்டம், விஆர்ஆர் இருந்தால் அந்த அலைச்சல் பெரும்பாலும் கண்ணில் படாது. 60 ஹெர்ட்ஸ் டிவிகள் சிலவற்றிலும் விஆர்ஆர் என்று போட்டிருப்பார்கள். அங்கே 48-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடம்தான், அதற்குக் கீழே ஆட்டம் இறங்கிவிட்டால் பிரேமை இரட்டித்துக் காட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. இருந்தும் இல்லாத மாதிரி.

சரி, தம்பியின் நாற்பத்தெட்டாயிரம் டிவிக்கு வருவோம். அதில் 120 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். டிஎல்ஜி என்று ஒரு உத்தி இருக்கிறது, திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இரண்டு வரிகளுக்கு ஒரே தகவலைக் கொடுத்து, பாதி வேலையை மிச்சம் பிடித்து, அந்த நேரத்தில் இன்னொரு படத்தைக் காட்டிவிடுவார்கள். 120 கிடைக்கும், ஆனால் செங்குத்தாக இருக்க வேண்டிய 2160 வரி 1080 ஆகிவிடும். எழுத்துகளின் ஓரம் கரகரவென்று தெரியும், தூரத்து வேலிக் கம்பிகள் காணாமல் போகும். இன்னும் சில டிவிகளில் அதுவும் இல்லை, ‘மோஷன் ரேட் 240’ என்று ஏதாவது போட்டிருப்பார்கள். அது வந்த படங்களுக்கு நடுவில் டிவி தானே கற்பனை செய்து சொருகும் படங்களின் கணக்கு. கிரிக்கெட் பார்க்கலாம், ஆடும்போது அதைப் போட்டால் பட்டனை அழுத்தி ஒரு யுகம் கழித்துத்தான் கத்தி வீசுவான். வேறு சிலவற்றில் 4கே-யைவிடப் புள்ளிகள் குறைந்த 1080பி-யில் மட்டும் 120 வாங்கிக்கொள்வார்கள். ஆன்லைன் ஆட்டம் மட்டுமே ஆடுகிறவனுக்கு அதில் ஓரளவு பயன் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்காக இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

எச்டிஎம்ஐ 2.1, அதாவது கன்சோலை டிவியோடு இணைக்கும் வழி, அதன் சங்கதி இதைவிட மோசம். 2013-ல் வந்த 2.0-வில் 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிகாபிட் தகவல் போகும் என்ற கணக்கு), 2017 நவம்பரில் வெளியான 2.1-ல் 48 வரை போகலாம், அந்த அகலம் இருப்பதால்தான் 4கே படத்தை 120-ல் அனுப்ப முடிகிறது. ஆனால் விதிமுறையில் அந்த வசதிகள் எதுவும் கட்டாயம் இல்லை. 2021 கடைசியில் இது வெளியே வந்து இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது: 2.0 என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் 2.1-க்குள் அடக்கம், எந்த வசதி உண்டு என்று சொன்னால் போதும் என்பது எச்டிஎம்ஐ விதிகளை நிர்வகிக்கும் அமைப்பின் நிலை. அதனால் கேம் மோடுக்கு (படத்தை மெருகேற்றும் வேலைகளைக் குறைத்து உடனே காட்டும் டிவி அமைப்பு) தானாக மாறும் ஏஎல்எல்எம் என்ற ஒரே ஒரு வசதியை வைத்துக்கொண்டு 2.1 என்று போட்டுவிடலாம். போர்டில் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ என்று எழுதிவிட்டு வழியில் கை காட்டுகிற இடமெல்லாம் நிறுத்துகிற பஸ் மாதிரிதான். இன்னொரு பக்கம், 48 இல்லையே, 40 தானே என்று சிலர் நல்ல டிவியை ஒதுக்குகிறார்கள், அதுவும் தேவையில்லை. பிஎஸ்5 வெளியே தள்ளுவதே 32 ஜிபிபிஎஸ், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 40.

ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பார்த்தால் இந்த நடுத்தர டிவியில் மிஞ்சுவது என்ன? குவான்டம் டாட் நிறம். அது நிஜமான முன்னேற்றம்தான், சிவப்பும் பச்சையும் அழுத்தமாக வரும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இருக்காது, வெளிச்சமும் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) பக்கத்தில்தான் நிற்கும். மலிவு டிவியில் ஆடுகிற அதே ஆட்டத்தை அதே 60 ஹெர்ட்ஸில், கொஞ்சம் பெரிய திரையில், கொஞ்சம் பளிச்சென்று ஆடுவீர்கள். பெரிய திரைதான் வேண்டும் என்றால் அந்த அளவிலேயே ஸ்டிக்கர் இல்லாத மாடல் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

மலிவு டிவியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூபில் யாரும் சொல்வதில்லை, அவர்களுக்கு விலை கூடிய ஓலெட் டிவியை இரவலாக அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். கேமிங்கில் முதலில் பார்க்க வேண்டியது இன்புட் லேக், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே டிவி தின்னும் நேரம். இன்றைக்குக் கேம் மோடு உள்ள சாதாரண 4கே டிவிகளிலேயே இது பத்துப் பதினைந்து மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டது, ஒரு பிரேம் நேரத்தைவிடக் குறைவு. லட்ச ரூபாய் டிவியும் 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே பத்துக்கு மேல்தான் காட்டும். 120-க்குப் போனால்தான் ஐந்து ஆறு என்று இறங்கும். கேம் மோடு போடாமல் ஆடினால் எந்த டிவியானாலும் ஐம்பது, நூறு என்று ஏறிவிடும். ஆக, கேம் மோடு போட்ட இருபத்தைந்தாயிரம் டிவி, கேம் மோடு போடாத ஒன்றரை லட்சம் டிவியைவிட நன்றாக ஆடும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். நல்ல கண் பார்வைக்கு 43 இன்ச் திரையில் 4கே புள்ளிகளை முழுக்கப் பிரித்துப் பார்க்க மூன்றடிக்குள் உட்கார வேண்டும், 55 இன்ச்சுக்கு மூன்றரை அடி. 43 இன்ச்சில் ஐந்தரை அடிக்கும் 55 இன்ச்சில் ஏழு அடிக்கும் அப்பால் போனால் 1080பி-க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசமே கண்ணுக்கு மங்கத் தொடங்கிவிடும். நம் வீட்டு ஹாலில் சோபா சுவரை ஒட்டி இருக்கும், டிவி எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும், நடுவில் ஒன்பது பத்தடி. அங்கே 43 இன்ச்சில் 4கே என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரே காசில் பெரியதா, தரமானதா என்று கேட்டால் பத்தடிக்கு நான் பெரியதைத்தான் சொல்வேன். படுக்கையறையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆடுகிறவருக்குக் கதை வேறு.

மலிவு டிவி நிஜமாகவே தோற்கும் இடம் இருட்டு. ஐபிஎஸ் வகைப் பேனல் என்றால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1000-க்கு 1 பக்கத்தில் நிற்கும், விஏ என்றால் மூவாயிரம், நாலாயிரம், சிலவற்றில் அதற்கும் மேல். குகைக்குள் தீப்பந்தத்தோடு போகும் காட்சியில் ஐபிஎஸ் திரை சாம்பல் பூசின மாதிரி இருக்கும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை) சின்னம் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, ஆனால் சிக்னலை வாங்கிக்கொள்வது வேறு, காட்டுவது வேறு. 250, 300 நிட்ஸ் டிவியில் எச்டிஆர் போட்டால் பல ஆட்டங்கள் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். அப்படி இருந்தால் வெட்கப்படாமல் பிஎஸ்5 செட்டிங்ஸில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஆடுங்கள், படம் உயிரோடு வரும். விஏ பேனலில் இன்னொரு தொல்லை, இருட்டிலிருந்து இருட்டுக்கு நிறம் மாறும்போது மெதுவாக மாறும், கேமராவைத் திருப்பினால் நிழல்கள் மை போல இழுபடும். சிலருக்கு இது தெரியவே தெரியாது, தெரிந்தவர்களுக்கு அதற்கப்புறம் வேறு எதுவும் தெரியாது.

இப்போது விலை கூடிய பக்கம். எழுபதாயிரத்தைத் தாண்டினால் 55 இன்ச்சில் நிஜ 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் மினி எல்இடி டிவிகள் (பின்விளக்கு குட்டிக் குட்டி விளக்குகளாக, பகுதி பகுதியாக அணையும் வகை) கிடைக்க ஆரம்பிக்கின்றன, தள்ளுபடிக் காலத்தில் இன்னும் கீழேயும் இறங்கும். லட்சத்துக்குப் பக்கத்தில் போனால் ஓலெட். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும், கறுப்பு என்றால் அது அணைந்த விளக்கு. நிறம் மாறும் வேகத்தைப் பின்விளக்கு வைத்த எல்சிடி டிவிகள் எட்டவே முடியாது, கேமராவைச் சுழற்றினால் ஒரு புகையும் வராது. அறையை இருட்டாக்கிவிட்டு ஆடுகிறவருக்கு இதற்கு இணை கிடையாது.

ஆனால் விற்பவர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஓலெட் அவ்வளவு வேகமாக மாறுவதால் 30 பிரேம் ஆட்டங்கள் அதில் வெட்டி வெட்டித் தெரியும். மெதுவான எல்சிடியில் ஒரு படம் அடுத்ததோடு கொஞ்சம் கலந்து அந்த வெட்டை மறைத்துவிடும், ஓலெட் மறைக்காது. முதல் முறை ஆடுகிறவர்கள் டிவியில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால்தான் 40 பிரேமை அவ்வளவு நேரம் பேசினேன், ஓலெட் வாங்குகிறவருக்கு அது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அடுத்தது வெளிச்சம். ஐரோப்பாவில் மாலை நான்கு மணிக்கே இருட்டும் ஊர்க்காரர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு, கிழக்குப் பார்த்த ஜன்னலும் வெள்ளை டியூப்லைட்டும் உள்ள நம் ஹாலுக்கு டிவி வாங்கக் கூடாது. கண்ணாடி மாதிரி இருக்கும் ஓலெட் திரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டுக் காட்சி வந்தால் உங்கள் முகம், பின்னால் இருக்கும் காலண்டர், மின்விசிறி எல்லாம் தெரியும். சனி ஞாயிறு பகலில்தான் ஆட முடியும் என்கிற குடும்பஸ்தருக்கு 1000 நிட்ஸுக்கு மேல் போகும் மினி எல்இடிதான் பொருத்தம். அதில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் லேசாக ஒளிவட்டம் தெரியும், பகலில் அது யார் கண்ணிலும் படாது.

அப்புறம் தழும்பு, பர்ன்-இன். கேம் ஆடினால் ஓலெட்டில் மூலையில் இருக்கும் உயிர்ப்பட்டை, மேப் எல்லாம் பதிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்கிற சோதனைத் தளம் 2018-ல் ஆறு எல்ஜி சி7 ஓலெட் டிவிகளை வைத்து ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. மோசமாகத் தழும்பு விழுந்தது செய்தி சேனல் ஓடியவற்றில், கால் ஆஃப் டியூட்டி ஓடிய டிவி கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லாமல் தப்பித்தது. அதிலிருந்து பேனல்கள் இன்னும் தேறியிருக்கின்றன. ஆக, உங்கள் ஆட்டத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியது அப்பாவின் செய்தி சேனலைப் பார்த்துத்தான். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் கீழே சிவப்புப் பட்டையில் இரண்டு வரி ஓடும், மூலையில் ஒரே இடத்தில் லோகோ நிற்கும், பகலெல்லாம் அது, சாயங்காலம் அம்மாவின் சீரியல், அதற்கும் ஒரே இடத்தில் ஒரு லோகோ. ஹாலில் ஒரே டிவி, அதுவும் ஓலெட், அதில் நாள் முழுக்கச் செய்தி என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதோடு நம்மவர்களின் இன்னொரு பழக்கமும் சேர்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது டிவியின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் பெரியவர்கள் படுப்பார்கள், கரண்டு பில்லுக்கும் இடிக்கும் பயந்து. ஓலெட் டிவி ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியதும், அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருந்தபடி தன் புள்ளிகளைத் தானே சரிசெய்துகொள்ளும். சுவரில் அணைத்துவிட்டால் அந்த வேலை நடக்காது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்றால் வாங்குங்கள். எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் மேல் ‘அணைக்காதீர்கள்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம், அதையும் மீறி அணைந்திருக்கும்.

போர்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்ஜியின் சி வரிசை ஓலெட்டில் நான்கு போர்ட்டும் 4கே 120 வாங்கும். சோனி பிராவியாவில் பெரும்பாலும் நான்கில் இரண்டுதான், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பாருக்கான ஈஆர்க் போர்ட்டும்கூட. பிஎஸ்5 மட்டும் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், சவுண்ட்பார் மூன்றும் இருந்தால் ஏதாவது ஒன்று கீழே இறங்க வேண்டும். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனுக்காக யாராவது கூடுதலாகக் கேட்டால், பிஎஸ்5 ஆட்டங்களுக்கு டால்பி விஷன் கிடையாது, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும்தான் உண்டு, சாம்சங் டிவியில் அதுவே இல்லை, எச்டிஆர்10 பிளஸ்தான். ஆடுவதற்காக மட்டும் வாங்கும் பிஎஸ்5-காரர் அந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

விலை பற்றி: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. முன்பு 1,28,000-க்கு விற்றது 1,18,000-க்கு வர வேண்டும், வந்ததா என்று பழைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருட மாடலைத்தான் நான் எப்போதும் சொல்வேன், ஓலெட்டில் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் கேமிங்கில் பெரிதாக ஒன்றும் மாறிவிடுவதில்லை, 120 ஹெர்ட்ஸ் 144 ஆனது, அதனால் கன்சோலுக்கு ஒரு பயனும் இல்லை, கன்சோல் 120-ல் நின்றுவிடும். ஸ்டெபிலைசரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இப்போதைய டிவிகள் 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் வருகின்றன, அந்தக் காசுக்கு நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கலாம். ஆனால் பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். வாரண்டி முடிந்து பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலையைத் தொட்டுவிடும், எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுப் பழைய டிவியைச் சுவரிலிருந்து கழற்றாமலே புதுசு வாங்கப் போனார்.

டிவியே வேண்டாம், மானிட்டர் போதாதா என்று ஹாஸ்டல் பையன்கள் கேட்பார்கள். போதும். 27 இன்ச் 1440பி மானிட்டர் மேசை மேல் அருமையாக இருக்கும், பிஎஸ்5-ம் 2022 செப்டம்பரிலிருந்து 1440பி அனுப்புகிறது. ஒரே ஒரு சிக்கல்: பிஎஸ்5-ன் விஆர்ஆர் எச்டிஎம்ஐ 2.1 வழியாக மட்டும்தான் வரும், விலை குறைந்த மானிட்டர்களில் ஃப்ரீசிங்க் (விஆர்ஆரின் இன்னொரு வகை) என்று போட்டிருந்தாலும் பிஎஸ்5 அதைக் கண்டுகொள்ளாது, எக்ஸ்பாக்ஸ் கண்டுகொள்ளும்.

கடைசியாக, வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. மாடல் எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு, அளந்து எழுதும் தளங்களில் அதன் பேனலின் இயல்பான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள், கடைப் பட்டியலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். முடிந்தால் பிஎஸ்5-ஐப் பையில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. அதன் செட்டிங்ஸில் திரை மற்றும் வீடியோ பகுதிக்குள் வீடியோ அவுட்புட் தகவல் என்று ஒரு பக்கம் இருக்கிறது, இணைத்திருக்கும் டிவி எந்த அளவை ஏற்கிறது, விஆர்ஆர் உண்டா என்று அங்கே தெரியும். வரியைப் பாதியாக்கும் டிஎல்ஜி டிவி அதிலும் 4கே 120 என்று நடிக்கலாம், அதனால் ஒரு ஆட்டத்தை 120-ல் போட்டுச் சின்ன எழுத்துகளின் ஓரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் கன்சோலோடு வந்த கேபிளையே போடுங்கள், பழைய டிஷ் பாக்ஸ் கேபிளை அல்ல. பிறகு டிவியின் செட்டிங்ஸில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டை முழு வேகத்துக்குத் திறந்துவிட வேண்டும். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட் என்று ஆளுக்கொரு பெயர். பல மாடல்களில் கம்பெனியிலிருந்து வரும்போது இது அணைந்தே இருக்கும், இதைத் தொடாமலே லட்ச ரூபாய் டிவியில் வருடக்கணக்கில் 60-ல் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.